நாய் அழுமா? கண்ணீர்ச் சுரப்பியின் கதையும் அழுகைக் கோச்சியும்

எங்கள் லயத்தில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. யாருடைய நாய் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சாப்பாடு ஆறு வீட்டில், படுக்கை எங்கள் வாசலில். போன வருசம் பெப்ரவரியில், பனி விழுந்து காற்று காய்ந்து அடித்துக்கொண்டிருந்த நாட்களில், மணியின் இரண்டு கண்ணிலிருந்தும் ஏதோ வடிந்துகொண்டே இருந்தது. "மணி அழுவுது பாரு" என்று பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அப்பாயி மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது அழுவல. பூளை தள்ளுது. கண்ணு காஞ்சு போச்சு."

டவுனில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் ஊசி எடுக்கவில்லை, டோர்ச் கூட முதலில் எடுக்கவில்லை. மெல்லிய காகிதத் துண்டொன்றை மணியின் கீழ் இமைக்குள் செருகிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு நிமிசம். காகிதத்தில் ஈரம் ஏறியது 4 மில்லிமீட்டர். "சாதாரண நாய்க்கு 15க்கு மேல ஏறணும்" என்றார். ஆக, அழுகிறது என்று எல்லோரும் பரிதாபப்பட்ட நாய்க்கு உண்மையில் கண்ணீரே இல்லை. கண்ணீர் இல்லாததால்தான் அந்தப் பூளை.

அப்பாயிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். நாயின் கண்ணீர்ச் சுரப்பியைத் தேடிப் போனால் பாதை சுற்றிச் சுற்றி நம்ம மலைக்கே வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கண்ணீர் மூளையிலிருந்து வந்த காலம்

ரொம்ப காலத்துக்கு ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பியது இதுதான்: துக்கம் வந்தால் மூளை சுருங்கும், அதிலுள்ள ஈரம் பிழிபட்டுக் கண் வழியாக வடியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1662இல் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் இளைஞர் இதை உடைத்தார். அவருக்கு அப்போது 24 வயது. ஹொலாந்தின் லெய்டன் நகரில் படித்துக்கொண்டு, இறைச்சிக்கடையில் கிடைக்கும் மிருகத் தலைகளை வாங்கி அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுரப்பி இருப்பதையும், அதிலிருந்து மயிர் போன்ற குழாய்கள் இமையின் உட்பக்கம் திறப்பதையும் கண்டு எழுதினார். கண்ணீரின் முதல் வேலை துக்கத்தைக் காட்டுவது இல்லை, கண்ணும் இமையும் உரசாமல் வழுக்கவைப்பது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

லெய்டனில் அவர் கத்தி பிடித்திருந்த அதே வருசங்களில் அதே ஹொலாந்துக்காரர்கள்தான் நம் தீவின் கரையையும் பிடித்து வைத்திருந்தார்கள். 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம். மலை மட்டும் கண்டி ராஜாவிடம் இருந்தது. தேயிலையும் இல்லை, கோப்பியும் இல்லை, நாமும் இங்கே இல்லை.

ஸ்டென்சன் பெயர் நாயோடு இன்னொரு வகையிலும் ஒட்டியிருக்கிறது. நாயின் மூக்கு எப்போதும் ஈரமாக இருக்கிறதே, அதற்குக் காரணமான பக்க மூக்குச் சுரப்பியை இன்றும் 'ஸ்டெனோ சுரப்பி' என்கிறார்கள். கண்ணீரும் அங்கேதான் போகிறது. கண்ணின் உள் மூலையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சிறு துளைகள். அவற்றின் வழியே இறங்கும் கண்ணீர் ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது. ஈர மூக்கில்தான் வாசம் நன்றாக ஒட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேட்டை நாய்கள் பின்னால் வருகின்றன.

நாயின் கண்ணுக்குள்ளே

நமக்கும் நாய்க்கும் இதில் முக்கியமான வித்தியாசம் இரண்டு.

முதலாவது இடம். நம் கண்குழியைச் சுற்றி முழு வளையமாக எலும்பு இருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பி மேலே வெளிப்பக்கமாக அந்த எலும்பின் குழிவில் ஒளிந்திருக்கும். நாய்க்கு அந்த வளையம் முழுமையில்லை. வெளிப்பக்கத்தில் எலும்புக்குப் பதிலாக ஒரு தடித்த நார்ப்பட்டைதான் இருக்கிறது. சுரப்பி அந்தப் பட்டைக்கு அடியில், கண்ணுருண்டையின் மேல் தட்டையாகப் படுத்திருக்கும். இளஞ்சிவப்பு நிறம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதிலிருந்து பல நுண்குழாய்கள் மேல் இமையின் உள்மடிப்பில் திறக்கின்றன.

இரண்டாவது, மூன்றாம் இமை. நாய் தூங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள் மூலையிலிருந்து ஒரு வெள்ளைத்தோல் பாதிக் கண்ணை மூடியிருக்கும். நமக்கு அதன் மிச்சம்தான் கண்ணின் உள் மூலையில் தெரியும் சிறு சிவப்பு மடிப்பு. நாய்க்கு அது உண்மையாகவே வேலை செய்யும் இமை. 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு அதைத் தாங்கி நிற்கிறது. அந்தக் குருத்தெலும்பின் காம்பைச் சுற்றி இன்னொரு கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. நாயின் கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இந்த மறைந்திருக்கும் சுரப்பிதான் தருகிறது.

கண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. 1666இல் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானியர் விவரித்ததால் அவை மைபோமியன் சுரப்பிகள். அவை மேலே ஒரு எண்ணெய்ப் படலம் போடும். நடுவில் மேற்சொன்ன இரு சுரப்பிகளின் நீர். அடியில், கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடும் மெல்லிய தோலிலுள்ள கலங்கள் சுரக்கும் சளி. சளி கண்ணோடு ஒட்டவைக்கிறது, எண்ணெய் ஆவியாகாமல் காக்கிறது. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு மயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு மெல்லிசு. மணியின் கண்ணில் நடுப்படலம் இல்லாமல் போய், சளி மட்டும் கட்டியாகி வடிந்தது. அதைத்தான் பிள்ளைகள் அழுகை என்றார்கள்.

நுணுக்குக்காட்டியின் கீழே

சுரப்பியிலிருந்து மெல்லிசாக ஒரு சீவல் எடுத்துச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முதலில் தோன்றுவது திராட்சைக் குலை. நார்ச்சுவர்கள் சுரப்பியைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் உருண்டை உருண்டையாகக் கலக்கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆப்பு வடிவக் கலங்கள், நடுவிலுள்ள ஒரு பொடித் துவாரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கும். கரு அடியில், சுரக்க வேண்டியதை அடைத்து வைத்த மணிகள் மேலே.

நாயின் சுரப்பி கலப்புவகை: நீர் போன்றதையும் சளி போன்றதையும் சேர்த்தே சுரக்கும். எல்லா மிருகத்துக்கும் அப்படி இல்லை. மூன்றாம் இமைச் சுரப்பியை எடுத்துக்கொண்டால், பன்றியில் சளி அதிகம், குதிரையிலும் பூனையிலும் நீர் அதிகம்.

ஒவ்வொரு உருண்டையையும் வெளியிலிருந்து கைவிரல் போல் பற்றிக்கொண்டு தசை போன்ற கலங்கள் இருக்கின்றன. நரம்பு சொன்னதும் அவை இறுகும், உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வரும். நுண்குழாய் சின்னக் குழாயில் சேரும், சின்னது பெரியதில் சேரும். நம்ம பக்கத்து நீரோடைகள் எல்லாம் கொத்மலை ஓயாவில் சேர்வது மாதிரி.

இடையிலுள்ள நார்ப்பகுதியில் இன்னொரு கூட்டம் காவலுக்கு நிற்கிறது: நோயெதிர்ப்புக் கலங்கள். கண்ணீரில் கலந்து கிருமியைப் பிடிக்கும் புரதங்களை இவை செய்கின்றன. மணிக்கு வந்த வருத்தத்தில் பிரச்சினையே இங்கேதான். நாய்களுக்கு வரும் வறட்டுக்கண்ணில் பெரும்பாலும் இந்தக் காவற்காரர்களே சொந்தச் சுரப்பியைத் தாக்குகிறார்கள். அப்படிப்பட்ட சீவலில் கரும்புள்ளிகளாக அவர்கள் நெரிந்து நிற்பார்கள், திராட்சை உருண்டைகள் சுருங்கியிருக்கும், கடைசியில் சுரப்பி இருந்த இடத்தில் வெறும் நார்தான் மிஞ்சும்.

மலைக்கு வந்த வேட்டை நாய்கள்

இனி நம்ம ஊர். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறினார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் ஆபிரிக்காவில் பேர் வாங்கிய அதே பேக்கர்தான். கூடவே கப்பலில் வந்தவற்றில் இங்கிலாந்தின் நரிவேட்டை நாய்களும் உண்டு. நுவரெலியாக் காடுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் நாய்க்கூட்டத்தை விட்டு மரையைத் துரத்துவது அவருக்குப் பொழுதுபோக்கு. வாசம் பிடித்து நாய்கள் துரத்தும், களைத்த மரை ஆற்றில் இறங்கித் திரும்பி நிற்கும், பேக்கர் கத்தியோடு போவார். 1854இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதினார். கில்பக், பிரான், ஸ்மட், லீனா என்று அவருடைய நாய்களுக்கு அதில் பெயர் உண்டு. குணம், வீரம், காயம், சாவு எல்லாம் உண்டு. சுமை தூக்கிய, காடு வெட்டிய மனிதர்கள் பெரும்பாலும் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகிறார்கள். அது கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல்தான். கோப்பி போய்த் தேயிலை வந்த பிறகும் வேட்டை போகவில்லை. ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் பார்க்கும் 'ஃபார் இன்' கட்டடம், தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய பழைய வேட்டைவிடுதி.

இந்த நாய்க்கும் மரைக்கும் நடுவிலும் ஒரு கண்ணீர்ச் சுரப்பிக் கதை இருக்கிறது. மரையின் கண்ணுக்கு முன்னால், மூக்குப் பக்கமாக, ஒரு பிளவு இருக்கும். பயந்தாலோ கோபப்பட்டாலோ அது அகலத் திறக்கும், இன்னொரு கண் மாதிரி. ஐரோப்பாவிலும் மான்களுக்கு அது உண்டு. நாய்கள் சூழ்ந்து நிற்கும்போது மான் அழுகிறது என்று அங்கே ரொம்ப நாள் நம்பினார்கள். ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் அடிபட்ட மான் ஓடைக்கரையில் அழும் காட்சியே வருகிறது. உண்மையில் அந்தப் பிளவு வாசனைச் சுரப்பி. கண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் மானின் கண்ணில் உண்மையாகவே இன்னொரு சுரப்பி இருந்தது. 1694இல் சுவிற்சர்லாந்துக்காரர் யோஹன் யாக்கோப் ஹார்டர், மான்களின் கண்குழிக்குள் ஆழத்தில் அதைக் கண்டு 'புதிய கண்ணீர்ச் சுரப்பி' என்று எழுதினார். ஹார்டர் சுரப்பி என்று பெயர் வந்தது. பிறகு வந்தவர்கள் மூன்றாம் இமைக்குப் பக்கத்தில் எதைப் பார்த்தாலும் ஹார்டர் சுரப்பி என்று எழுதிவிட்டார்கள், நாய்க்கும் சேர்த்து. வளர்ந்த நாய்க்கு ஹார்டர் சுரப்பி கிடையாது. அதற்கு இருப்பது மூன்றாம் இமைச் சுரப்பி மட்டும்தான். மானின் பெயரை நாய்க்குப் போட்ட குழப்பம் பழைய புத்தகங்களில் நெடுங்காலம் ஓடியது.

டார்வினும் இலங்கையின் யானையும்

பேக்கர் குடியேறிய காலத்தில் கொழும்பில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனென்ட். குருநாகல் பக்கத்தில் காட்டு யானைகளை அடைத்துப் பிடிப்பதைப் பார்த்தார். கட்டிப்போட்ட யானைகளில் சில அசையாமல் படுத்து, கண்ணீர் மட்டும் நிற்காமல் வடிந்ததாக எழுதினார். 1872இல் சார்ள்ஸ் டார்வின் மனிதர், மிருகங்களின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய புத்தகத்தில், மிருகம் அழுமா என்ற இடத்தில் இந்த இலங்கை யானைகளைத்தான் சாட்சிக்கு அழைத்தார். இங்கிருந்த உள்ளூர் வேட்டைக்காரர்கள் தாங்கள் யானை அழுது பார்த்ததே இல்லை என்று சொன்னதையும் எழுதினார். எழுதிவிட்டு, டெனென்டைத்தான் நம்பினார்.

வேடிக்கை என்னவென்றால், யானைக்கு நமக்கிருப்பது போன்ற கண்ணீர்ச் சுரப்பியும் இல்லை, கண்ணீரை மூக்குக்கு இறக்கும் குழாயும் இல்லை. கண்ணை நனைப்பது வேறு சுரப்பி. இறங்க வழியில்லாததால் ஈரம் கன்னத்தில்தான் வழியும், சந்தோசமாக இருந்தாலும். வேட்டைக்காரர்கள் அதைத் தினமும் பார்த்ததால்தான் அழுகை என்று எண்ணவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. மணியைப் பார்த்த அப்பாயி மாதிரி.

வெட்டி எறிந்த சுரப்பி

நாயின் மூன்றாம் இமைச் சுரப்பி சில சமயம் இடம் விலகி, கண் மூலையில் செர்ரிப் பழம் மாதிரிச் சிவந்து வெளியே வந்துவிடும். குட்டிப் பருவத்தில், ஸ்பானியல், பீகிள், புல்டோக் மாதிரி வகைகளில் அதிகம். நெடுங்காலம் வைத்தியர்கள் அதை வெட்டி எறிந்தார்கள். நாய்க்கு அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. வருசங்கள் கழித்து அதே நாய்களில் பல வறட்டுக்கண்ணோடு திரும்பி வந்தன. கண்ணீரில் பாதி வரை அங்கிருந்துதான் வந்தது என்பது அளந்து பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது வெட்டுவதில்லை, உள்ளே தள்ளித் தைத்துவிடுகிறார்கள்.

அளக்கும் காகிதத்தை 1903இல் மனிதர்களுக்காகக் கண்டுபிடித்தவர் ஒட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர். மனிதனுக்குச் செய்தது நாய்க்கு உதவியது. பிறகு நாய் அதைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவின் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் ரெனீ காஸ்வன் என்ற மிருகக் கண் வைத்தியர், நாயின் வறட்டுக்கண் காவற்கலங்களின் வேலைதான் என்று பிடித்து, உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கண்ணில் போட்டுப் பார்த்தார். சுரப்பி மறுபடி சுரந்தது. 1995இல் அமெரிக்காவில் நாய்களுக்கான களிம்புக்கு அனுமதி கிடைத்தது. மனிதக் கண்ணுக்கான சொட்டு மருந்துக்கு 2002இல்தான். இன்று நம்மில் யாராவது வறட்டுக்கண்ணுக்கு அந்தச் சொட்டு போட்டால், முன்னால் வரிசையில் நின்றது நாய்.

சேர்ந்தால் வரும் கண்ணீர்

சரி, கடைசிக் கேள்வி. நாய் உண்மையிலேயே அழுமா?

2022இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதே ஷிர்மர் காகிதத்தை நாய்களின் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். வளர்த்தவர் சில மணிநேரம் வெளியே போய்த் திரும்பி வந்ததும் நாயின் கண்ணீர் கூடியது. பழக்கமான வேறு ஒருவர் வந்தபோது அப்படிக் கூடவில்லை. கன்னத்தில் வழியும் அளவுக்கு இல்லை, கண் கொஞ்சம் அதிகமாகப் பளபளக்கும் அவ்வளவுதான். அது நாம் சொல்லும் அழுகைதானா என்பது இன்னும் வாதம். ஆனால் அளந்து பார்த்தது பிரிவில் இல்லை, சேர்ந்த நேரத்தில்.

இதைப் படித்தபோது எனக்கு ஜப்பான் ஞாபகம் வரவில்லை. ஹட்டன் ஸ்டேசன்தான் ஞாபகம் வந்தது.

1948இல் குடியுரிமைச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தேயிலைக்கடியில் பிறந்தவர்களை மலையிலிருந்து இறக்கித் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்ததோ, நம்ம சனம் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், பிறகு யாருக்கு எந்த ஊரோ. 1984இல் கப்பல் நின்றது.

அப்பாயியின் தம்பி குடும்பம் அப்படித்தான் போனது. அவர்களிடம் ஒரு நாய் இருந்ததாம். கோச்சியில் நாய்க்கு இடமில்லை, பாஸ்போட்டும் இல்லை. லயத்திலிருந்து ஸ்டேசன் வரை பின்னாலேயே வந்தது. பிறகு வெறும் காம்பரா வாசலிலேயே கிடந்தது. அப்பாயி சோறு வைத்தால் தின்னும், கூப்பிட்டால் வராது. அந்தக் குடும்பம் திரும்பி வரவே இல்லை. ஜப்பான்காரர்கள் அளந்த அந்தக் கொஞ்சம் ஈரம் சுரக்க அந்த நாய்க்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

பேக்கரின் நாய்களுக்குப் பெயர் இருக்கிறது, டெனென்டின் யானைகளுக்குக் கண்ணீர் இருக்கிறது, டார்வின் புத்தகத்தில் இடம் இருக்கிறது. நம்மைப் பற்றி எண்ணிக்கைதான் இருக்கிறது: ஐந்தே கால் லட்சம், மூன்று லட்சம், ஒன்றரை லட்சம். ஆனால் ஒரு ரயிலுக்கு அழுகை என்று பெயர் வைத்ததும் ஒரு வரலாற்றுக் குறிப்புதான். யாரும் எழுதிக் கொடுக்காமல், வாயால் சொல்லிச் சொல்லி நம்மிடம் வந்து சேர்ந்த குறிப்பு. இன்று லயங்களில் இருக்கும் வயசானவர்களிடம் அதன் மீதிப் பக்கங்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியது நாம்தான், சீக்கிரம்.

களிம்பைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, காலையும் மாலையும் மணிக்குப் போட்டோம். பிடிப்பது நான், போடுவது அப்பாயி. இரண்டு மாதம் கழித்துக் காகிதத்தில் 11 மில்லிமீட்டர் ஏறியது. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் அப்பாயியிடம் கேட்டேன், அந்த நாய் ஸ்டேசன்ல அழுதுச்சா என்று.

"தெரியலடா" என்றார். "நாங்க அழுத அழுகையில நான் அத பாக்கல."